பாபுஜி படித்த கடிதங்கள்

அத்தியாயம் 14

குருநாதன் கையும் களவுமாகப் பிடிபட்ட இடத்தில் போன வாரம் நிறுத்தியிருந்தோம். பெரிய களவு ஒன்றும் இல்லை. மருமகள் ஸ்வப்னா முன்னறையில் காலை டியூஷன் எடுக்கும்போது, மாமனார் உள்ளறையில் அவரைக்காய் நார் உரிக்கிற சாக்கில் உட்கார்ந்து, அவள் சொல்லிக்கொடுக்கும் இங்கிலீஷை எல்லாம் ஒரு பழைய டைரியில் எழுதிக்கொண்டிருந்தார். தீபாவளியிலிருந்து நடந்துவந்த திருட்டு.

அறுபத்தைந்து வயதில் எட்டாம் வகுப்புப் பாடத்தை ஒளிந்து படிப்பானேன்? காரணம் இருக்கிறது. அந்தமான் பாம்பூஃப்ளாட்டில் அந்தத் தெரு முழுக்க அவரை 'பாபுஜி' என்றுதான் கூப்பிடும். ஆபீஸ் கிளார்க்கைத்தான் இங்கே பாபு என்பார்கள். போர்ட் பிளேயரில் முப்பத்துமூன்று வருஷம் சர்க்கார் ஆபீஸில் இருந்துவிட்டு, ரிட்டயர் ஆன கையோடு இங்கே வீடு கட்டி வந்தவர். தெருவில் யாருக்கு இங்கிலீஷில் லெட்டர் வந்தாலும் அது முதலில் அவர் கைக்குத்தான் வரும்.

ஆபீஸில் இருந்தது உண்மை. இருந்தது பியூனாக; அதை யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அவ்வளவுதான். வீட்டில் மனைவி பங்கஜத்துக்கும் மகனுக்கும் மருமகளுக்கும் தெரியும். அவர்களும் தெருவைத் திருத்தப் போகவில்லை.

பிடிபட்ட பிறகு இரண்டு அறைக்கும் நடுவில் திரை எதற்கு? அந்த வியாழக்கிழமை ஸ்வப்னா அதை ஒரு பக்கமாக ஒதுக்கிக் கட்டிவிட்டாள். குருநாதன் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, டைரியை மடியில் விரித்து, சட்டமாக உட்கார்ந்துவிட்டார்.

"இன்னைக்கு ஒரே ஒரு வார்த்தைதான். ஹோல்ட். மத்லப்?" என்று கேட்டாள் ஸ்வப்னா.

"பிடிக்கிறது, மிஸ்!" என்றது கூட்டம்.

"ஷாபாஷ். ஆனா அதோட விட்டுடாதீங்க. பக்கத்துல என்னென்ன வார்த்தை இருக்குன்னு பாத்தாத்தான் அது அங்க என்ன சொல்லுதுன்னு தெரியும். ஹோல்ட் மை ஹேண்ட். கையைப் பிடிச்சுக்கோ. சரி, போன்ல ஹோல்ட் ஆன்னு சொன்னா?"

"கொஞ்சம் இருங்க!"

"கப்பல்ல ஹோல்டுன்னா?"

ஒரு பெண் கை தூக்கியது. "சாமான் ஏத்துற கீழ் ரூம், மிஸ். எங்கப்பா அங்கதான் டூட்டி."

"வெரிகுட். இப்ப இது. மீட்டிங் வில் பி ஹெல்ட் ஆன் மண்டே. இங்க யாரு எதைப் பிடிக்கிறா?"

ஒரு பையன் தன் பேனாவைப் பிடித்துக் காட்டினான்.

"யாரும் எதையும் பிடிக்கல. மீட்டிங் திங்கக்கிழமை நடக்கும், அவ்வளவுதான். கடைசியா ஒண்ணு. டோன்ட் ஹோல்ட் மீ ரெஸ்பான்ஸிபிள். பழியை என் தலையில போடாதேன்னு அர்த்தம்."

குருநாதன் ஐந்தையும் எழுதிக்கொண்டார். அவருக்குத் தெரிந்த ஹோல்டு ஒன்றே ஒன்றுதான். 'ஃபைல் ஹோல்டுல இருக்கு' என்று பெரிய மேஜையில் சொன்னால், தூக்கிக்கொண்டு திரும்பி வந்துவிட வேண்டும். ஒரு வார்த்தைக்குள் இத்தனை சங்கதி இருப்பது தெரியாமல் ஒரு சர்வீஸே முடிந்துவிட்டதே என்று நினைத்துச் சிரித்துக்கொண்டார். சிரிப்பு வெகுநேரம் நிலைக்கவில்லை.

பிள்ளைகள் கலைந்த கொஞ்ச நேரத்தில் வாசலில் சொர்ணம்மா நின்றாள். மூன்று வீடு தள்ளி இருப்பவள். புருஷன் வேலாயுதம் சர்க்கார் படகில் கலாசியாக இருந்து, போன வருஷம் மழைக்காலத்தில் சிறுநீரகக் கோளாறில் இறந்துபோனான். அவனுடைய வாரிசு வேலையைத்தான் மகள் சித்ராவுக்குக் கேட்டு எழுதிப்போட்டிருந்தார்கள்.

"பாபுஜி, இந்த லெட்டர் வந்து நாலு வாரம் ஆச்சு. பொறு, இன்னொண்ணு வரும்னு சொன்னீங்க. வரவே இல்லையே. இன்னொரு தரம் பாத்துச் சொல்றீங்களா?"

குருநாதன் கை நீட்டி வாங்கினார்.

அவர் கடிதம் படிக்கும் முறையை இங்கே சொல்லிவிட வேண்டும். முப்பத்துமூன்று வருஷம் மேஜைக்கு மேஜை தபால் சுமந்தவர். கையெழுத்து பச்சை மசியில் இருந்தால் பெரிய அதிகாரி. அடியில் யார் யாருக்கு நகல் போகிறது என்று ஐந்தாறு வரி இருந்தால் கனமான சமாச்சாரம், உடனே ஓட வேண்டும். ஒரே வரி இருந்தால் சும்மா லெட்டர், அடுத்தது வரும்வரை காத்திருக்கலாம். இதற்கு நடுவில் இருக்கும் எழுத்தை அவர் தொடுவதே இல்லை. பத்துக்கு எட்டு சரியாக இருந்ததால் தெருவும் நம்பியது, கொஞ்ச நாளில் அவரும் நம்பிவிட்டார்.

இன்று கண்ணாடி மூக்கிலேயே இருந்தது. மருமகள் வேறு பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் தடவையாக நடு எழுத்துக்கு வந்தார்.

மூன்றாவது வரி. வில் பி ஹெல்ட் ஆன்.

மடியில் இருந்த டைரியில் அதே மூன்று நாலு வார்த்தைகளின் மை இன்னும் சரியாகக் காயவில்லை. நடக்கும். எதுவோ நடக்கும். பன்னிரண்டாம் தேதி, பத்தரை மணிக்கு.

சுவர்க் காலண்டரைப் பார்த்தார். பதினான்கு.

"என்ன பாபுஜி?" என்றாள் சொர்ணம்மா.

"நீ வீட்டுக்குப் போம்மா. நான் பத்து நிமிஷத்துல வரேன்" என்றார்.

அவள் தலை மறைந்ததும் கடிதத்தை ஸ்வப்னாவிடம் நீட்டினார். அவள் ஒரே மூச்சில் படித்தாள்.

"பன்னண்டாம் தேதி அசல் சர்டிபிகேட்டோட நேர்ல வரணும் மாமா. வராதவங்க பேரை லிஸ்டுலேர்ந்து எடுத்துடுவாங்களாம்."

பங்கஜம் சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்துவிட்டாள். விஷயம் புரிந்ததும் உடனே ஒரு வழியும் சொன்னாள். "அந்த வார்த்தைக்கு அஞ்சு அர்த்தம்னு இப்பத்தானே இவ கத்துனா? அதையே சொல்லிடுங்க. நிறுத்தி வச்சிருக்காங்கன்னு நெனச்சுட்டேன்னு. அதுல என்ன பொய்?"

ஸ்வப்னாவும் தயங்கித் தயங்கி, "சொல்லலாம் மாமா. படிச்சவங்களே தடுமாறுற வார்த்தைதான்" என்றாள்.

"தடுமாறுறதுக்கு அந்த வார்த்தையை நான் பாத்திருக்கணுமே" என்றார் குருநாதன். "நான் பாக்கல. அன்னைக்குக் கண்ணாடியே போடல. அடியில நகல் ஒரு வரின்னு மட்டும் குத்துமதிப்பாப் பாத்துட்டு, பொறுன்னு சொன்னேன். கண்ணாடி எங்க வச்சேன்னு தேடினா நாலு பேரு முன்னாடி கௌரவம் போயிடும்னு..."

"ஃப்ரிட்ஜ் மேல இருந்துச்சு" என்றாள் ஸ்வப்னா.

இருவரும் அவளைப் பார்த்தார்கள்.

"நான் பாத்தேன் மாமா. கண்ணாடி இல்லாம நீங்க படிக்கிறதைப் பாத்துட்டுத்தான் காபி ஆத்திட்டு இருந்தேன். வெளிய வந்து லெட்டரைக் கேட்டா உங்களுக்கு அவமானமா இருக்குமேன்னு வாயை மூடிட்டேன்." அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. சொல்லாமல் விட்டது இன்னொன்றும் இருந்தது. 'பாபுஜி வீட்டு மருமகள்' என்று டியூஷனுக்குப் பிள்ளைகளை அனுப்புகிறவர்கள் சொல்வது அவளுக்கும் பிடித்துத்தான் இருந்தது.

சொர்ணம்மா வீட்டு வாசல்வரை குருநாதன் தலை நிமிர்ந்துதான் போனார். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்ற முடிவோடு போனார்.

"தேதி தாண்டிப்போச்சு சொர்ணம்மா. நான் தப்பாச் சொல்லிட்டேன்."

அவள் கதவைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, "பெரிய ஆபீசருங்க என்னமோ சுத்தி வளைச்சு எழுதியிருப்பானுங்க. பாபுஜிக்கே புரியலேன்னா நாங்க எந்த மூலைக்கு? விடுங்க. இப்ப என்ன பண்ணலாம், அதைச் சொல்லுங்க" என்றாள்.

வீட்டில் பங்கஜம் கொடுத்தபோது வேண்டாம் என்று தள்ளிய அதே சாக்கை, ஏமாந்தவளே தட்டில் வைத்து நீட்டினாள். இல்லை, நான் படிக்கவே இல்லை என்று சொல்ல வேண்டியதுதானே? வாய் வரவில்லை. "சித்ராவைக் கிளம்பச் சொல்லு. அசல் சர்டிபிகேட் எல்லாத்தையும் எடுத்துக்கோ. டவுனுக்குப் போய்க் கேப்போம்" என்று மட்டும் சொன்னார். மனிதன் எங்கே உடைவான், எங்கே வளைவான் என்று யார் கண்டது?

ஒன்பது மணிப் படகில், ஸ்வப்னாவையும் சேர்த்து நாலு பேரும் எதிர்க்கரையில் சாத்தம் போய்ச் சேர்ந்தார்கள். வழி நெடுக சொர்ணம்மா அவருக்குத்தான் ஆறுதல் சொல்லிக்கொண்டு வந்தாள். சித்ரா மட்டும் ஃபைல் கவரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பேசாமல் நின்றாள். மர மில்லைத் தாண்டி ஆட்டோ பிடிக்கும்போது ஸ்வப்னா மெதுவாகக் கேட்டாள். "கோவமா சித்ரா?"

"அந்த லெட்டர்ல பன்னண்டுன்னு நம்பர் இருந்துச்சு அக்கா. தமிழ் மீடியம்னாலும் நம்பர் தெரியும்ல? அன்னைக்கே பாபுஜிகிட்ட கேட்டேன். அது அவங்க ஃபைல் தேதின்னு சொல்லிட்டாரு. உங்ககிட்ட ஒரு வாட்டி காட்டலாம்னு அம்மாகிட்ட சொன்னேன். பாபுஜி மனசு கஷ்டப்படும், வேணாம்னுட்டாங்க."

முன்னால் நடந்துகொண்டிருந்த குருநாதன் காதில் அது விழுந்தது. விழாத மாதிரி ஆட்டோவில் ஏறிக்கொண்டார்.

ஆபீஸில் அந்த செக்ஷன் பார்ப்பவர் யாரென்று அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் வந்திருப்பாரா என்பது சந்தேகம். உள்ளே போனதும் மேஜைக்குப் பின்னால் மண்டல் பாபு உட்கார்ந்திருந்தார். குருநாதன் வேலை பார்த்த ஆபீஸில் சின்ன கிளார்க்காகச் சேர்ந்தவர். இப்போது மாற்றலில் இங்கே பெரியவராக வந்திருக்கிறார்.

"அரே, குருநாதன்! கித்னே சால் பாத்!" என்றார் மண்டல். எத்தனை வருஷத்துக்கு அப்புறம் பார்க்கிறோம் என்று முகமெல்லாம் சந்தோஷம். ஒரு ஃபைலில் கையெழுத்துப் போட்டபடியே, பழைய வாய்ப்பழக்கத்தில், "பஹலே பானி பிலாவ் யார்" என்றார்.

தண்ணீர் கேட்டதில் கெட்ட எண்ணம் துளியும் இல்லை. குருநாதனுக்கும் யோசிக்க நேரமில்லை. கால் தானாக மூலையில் இருந்த ஃபில்டரிடம் போயிற்று. டம்ளரை அலசி, தோள் துண்டால் அடியைத் துடைத்து, தண்ணீர் பிடித்து, காகிதங்கள் நனையாதபடி மேஜையின் வலது ஓரத்தில் வைத்து, மூடியால் மூடினார். ஒரு சொட்டு சிந்தவில்லை. முப்பத்துமூன்று வருஷம் செய்த வேலை.

திரும்பினால் சொர்ணம்மா பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்தத் தீவில் இந்தி தெரியாதவர் யார்? அவளுக்கு எல்லாமே புரிந்துவிட்டது. போதாக்குறைக்கு மண்டல் அவளிடம், "ஹமாரே ஆபீஸ் கா பெஸ்ட் பியூன் தா" என்று அன்பாகப் புகழ்ந்தும் வைத்தார். குருநாதன் தரையைப் பார்த்தார். இந்தத் தரை பிளந்து உள்ளே போய்விட முடியாதா என்று இருந்தது. பியூன் வேலை பார்த்ததற்காக அல்ல. அதில் என்ன வெட்கம்? அந்த வேலையை அவர் ஒளித்த ஒளிப்புக்கு ஒரு பெண்ணின் பிழைப்பு விலையாகப் போய்விட்டதே, அதற்காக.

விஷயத்தைக் கேட்டதும் மண்டலின் முகம் மாறியது. பட்டியல் திங்கட்கிழமை கமிட்டிக்குப் போகிறது என்று இந்தியில் சொன்னார். கடிதம் கிடைத்தும் ஏன் வரவில்லை என்பதற்குக் காரணம் எழுத்தில் வேண்டும். இங்கிலீஷில் வேண்டும், ஃபைலில் சேர்க்க. காரணம் ஒப்புக்கொள்கிற மாதிரி இருந்தால் கமிட்டி பார்க்கும், தன்னால் எந்த உறுதியும் தர முடியாது.

ஸ்வப்னா பேனாவைத் திறந்தாள். "தபால் லேட்டுன்னு எழுதிடவா மாமா?" என்று தமிழில் குசுகுசுத்தாள்.

குருநாதன் பேனாவை வாங்கிக்கொண்டார். சட்டைப் பையிலிருந்து டைரியை எடுத்து, எல்லோரும் பார்க்க மேஜை மேல் விரித்தார். எழுத அரை மணி நேரம் ஆயிற்று. மொத்தம் ஆறு வரி. நடுவில் இரண்டு தடவை டைரியைப் புரட்டினார். மண்டல் அவசரப்படுத்தவில்லை.

காகிதம் மேஜைக்குப் போகும்முன் சொர்ணம்மா கையை நீட்டித் தடுத்தாள். "ஸ்வப்னா, என்ன எழுதியிருக்காருன்னு சொல்லு. வார்த்தைக்கு வார்த்தை சொல்லு."

மாமனார் எழுதியதை மருமகள் அந்த அறையில் நின்று வாசிக்க வேண்டியதாயிற்று.

"நான் ஒரு ரிட்டயர்டு பியூன். எனக்கு இங்கிலீஷ் சரியாகப் படிக்கத் தெரியாது. இதை எங்கள் தெருவில் யாரிடமும் சொன்னதில்லை. இந்தக் கடிதத்தைப் படிக்காமலே படித்ததாகச் சொல்லி, காத்திருக்கச் சொன்னேன். என்னை நம்பித்தான் இவர்கள் வரவில்லை..." அதற்கு அடுத்த வரியை மட்டும் அவள் தமிழாக்கவில்லை. இங்கிலீஷிலேயே படித்தாள். "ப்ளீஸ் டூ நாட் ஹோல்ட் ஹெர் ரெஸ்பான்ஸிபிள். ஹோல்ட் மீ."

"அப்படின்னா?" என்றாள் சொர்ணம்மா.

"பழியை அவ தலையில போடாதீங்க, என் தலையில போடுங்கன்னு."

மண்டல் காகிதத்தை வாங்கி இரண்டு முறை படித்தார். கோணல் மாணலான அந்த எழுத்தின் மேல் தேதி முத்திரை குத்தி, ஃபைலில் கோத்தார். "சோம்வார்" என்று திங்கட்கிழமையை நினைவூட்டினார். குருநாதனை நிமிர்ந்து பார்த்து எழுந்து, வாசல்வரை கூடவே நடந்து வந்து வழியனுப்பினார். முன்பெல்லாம் வாசல்வரை வருவது குருநாதனின் வேலை.

திரும்பும் படகில் கூட்டம் குறைவு. குருநாதன் நடு பெஞ்சில் உட்கார்ந்தார். சொர்ணம்மா எதிர் பெஞ்சுக்குப் போனாள். காலையில் பக்கத்தில் உட்கார்ந்து ஆறுதல் சொல்லிக்கொண்டு வந்த அதே சொர்ணம்மா.

"மன்னிச்சுடும்மா" என்றார் அவர். என்ஜின் சத்தத்தில் அது கேட்டதா என்று தெரியவில்லை.

பாதித் தண்ணீர் தாண்டியதும் அவள் சித்ராவிடம் இருந்து ஃபைல் கவரை வாங்கினாள். சர்டிபிகேட்டுகளுக்கு அடியில் ரப்பர் பேண்ட் போட்ட ஒரு சின்னக் கட்டு. ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போய், மடிப்பில் கிழியத் தொடங்கியிருந்த ஒரு காகிதத்தை உருவினாள். எழுந்து வந்து அவர் மடியில் வைத்தாள்.

"இது அவரு இருந்தப்ப வந்தது. மெயின்லேண்ட் ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொல்லி டாக்டர் எழுதிக் குடுத்தாரே, அதுக்கு வந்த லெட்டர். இதையும் நீங்கதான் பாத்தீங்க. பொறு, இன்னொண்ணு வரும்னீங்க."

குருநாதனுக்கு அந்தக் கடிதம் ஞாபகம் இருந்தது. அதாவது, அதன் அடிப்பக்கம் ஞாபகம் இருந்தது. நகல், ஒரே வரி.

"நாங்க பொறுத்துட்டே இருந்தோம்" என்றாள் சொர்ணம்மா. அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். "இப்பப் படிங்க. சத்தமாப் படிங்க. உங்க மருமக பக்கத்துல நின்னு சரியான்னு பாக்கட்டும்."

ஸ்வப்னா எழுந்து வந்து மாமனார் தோளருகே நின்றாள். சித்ரா முகத்தைத் தண்ணீர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

படகு பாம்பூஃப்ளாட் ஜெட்டியில் மோதி நின்றது. கலாசி கயிறு போட்டான், ஜனங்கள் இறங்கினார்கள். இவர்கள் நாலு பேரும் நகரவில்லை.

குருநாதன் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். அடிப்பக்கத்தைக் கையால் மறைத்துக்கொண்டு, மேலே முதல் வரிக்குப் போனார். அங்கே தேதி இருந்தது. வேலாயுதம் சாவதற்கு ஐம்பத்தொரு நாள் முந்தைய தேதி.

அதை அவர் சத்தமாகப் படித்தார்.